பாரிசவாதம் தலைவிதியல்ல!

(திருவெள்ளறையில் அரிசி ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தத் திருவெள்ளறைக்குப் பெருமை கோயிலால் மட்டும் வந்ததல்ல. கோயிலை ஒட்டி ஒரு கிணறு இருக்கிறது. நாலு திசையிலும் நாலு வாசல். ஒவ்வொரு வாசலிலிருந்தும் படிகள் மடங்கி இறங்கும். சுவஸ்திக வடிவத்தில் வெட்டிய கிணறு. பல்லவ அரசன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால், கம்பன் அரையன் என்பவன் வெட்டுவித்தான் என்று கல்வெட்டுச் சொல்கிறது. வெட்டுவித்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. பாறையைப் பிளந்தவன் பெயரும், மண் சுமந்தவள் பெயரும் இல்லை. அது நமக்குப் பழகிப்போன கதை.

அந்தக் கல்வெட்டிலே இன்னொன்றும் இருக்கிறது. உலகம் நிலையாதது, நாளை எண்ணிக்கொண்டு நைந்து நிற்காதே, முதுமை வந்து உன்னைத் தளர்த்திப் போடுவதற்கு முன்னே, உனக்கு வேண்டியதை உண்டுவிட்டு மிச்சத்தை உலகத்தாருக்கு வை என்பது அதன் கருத்து. தளர்ச்சி வந்த பிறகு வருந்திப் பயனில்லை, வருமுன் செய், செய்வதை ஊருக்குப் பொதுவாகச் செய்! இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவுரை வேறு வேண்டியதில்லை.

நாம் பேச வந்திருப்பது பாரிசவாதத்தைப் பற்றி. பக்கவாதம் என்கிறோம், ‘ஸ்ட்ரோக்’ என்று ஆஸ்பத்திரியில் எழுதுகிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் அது உழைப்பாளியின் வலது கையை வாங்கிக்கொள்கிற நோய்.

நம் தோழர் ஒருவரின் கதை

நம் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் மட்டும் வேண்டாம். மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவர். ஐம்பத்திரண்டு வயது. அவருடைய சம்சாரம் நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்.

ஒரு முகாமில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதிகம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் தின்றார். தலைவலி நின்றது. “நோய் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை?” என்று நிறுத்திவிட்டார். மாத்திரை வாங்க நிலையத்துக்குப் போனால் அரை நாள் கூலி போகிறது என்ற கணக்கும் அதிலே இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை. கையிலிருந்த டீ டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை எழவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சுக் குழறியது. “காற்று கருப்பு அடித்துவிட்டது” என்றார் ஒருவர். “புறா ரத்தம் தடவினால் சரியாகும்” என்றார் இன்னொருவர். எண்ணெய் தேய்த்து வழிக்கிறவரிடம் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மாலை விளக்கு வைத்துவிட்டார்கள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “எத்தனை மணிக்கு வந்தது?” பல மணி நேரம் ஓடியிருந்தது. அடைப்பைக் கரைக்கிற மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது.

உயிர் பிழைத்தார். வலது கை போயிற்று. அவர் கூலி நின்றது. அவரைத் தூக்கி உட்கார வைக்கவும் சோறு ஊட்டவும் சம்சாரம் வீட்டில் நின்றதால் அவர் கூலியும் நின்றது. ஒரு மனிதருக்கு வந்த நோய் இரண்டு கூலியைத் தின்றது! பத்தாவது படித்துக்கொண்டிருந்த பையன் ஆலைக்குப் போனான்.

இது அவர் தலையெழுத்தா, தோழர்களே? இல்லை! நாலு இடத்தில் இதைத் தடுத்திருக்கலாம். நம் ஊர்க் கிணற்றுக்கு நாலு வாசல் இருப்பதுபோல, இந்த நோயை எதிர்த்து நிற்கவும் நாலு வாசல் உண்டு. அளவு ஒன்று, மாத்திரை இரண்டு, நேரம் மூன்று, பயிற்சி நாலு. அந்த நாலையும் இப்போது பார்ப்போம்.

வாதம் என்றால் என்ன?

முதலில் நோய் என்னவென்று தெரிந்துகொள்வோம். வாதம் கையிலும் காலிலும் வருவதல்ல, மூளையில் வருவது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைமடை காய்கிறது. கரை உடைந்தால் வயல் மூழ்குகிறது. இரண்டிலும் பயிர் போகும். அதுபோலத்தான் இதுவும். அடைப்பால் வருவதே அதிகம். வெடிப்பால் வருவது குறைவு, ஆனால் கொடியது. மூளையின் இடது பாதியில் வந்தால் உடம்பின் வலது பக்கம் விழும். பலருக்குப் பேச்சும் போகும். கையில் எண்ணெய் தேய்த்தும் புறா ரத்தம் தடவியும் மூளையின் அடைப்பு எப்படித் திறக்கும்?

இது அபூர்வமான நோயுமல்ல. உலகில் இருபத்தைந்து வயது தாண்டியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் தம் ஆயுளில் என்றேனும் ஒருநாள் வாதத்துக்கு ஆளாகக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு.

முதல் வாசல்: அளவு

வாதத்துக்கு வழி வெட்டுகிறவற்றில் முதலாவது உயர் ரத்த அழுத்தம். ரத்தக் கொதிப்பு என்கிறோமே, அதுதான். கொதிப்பு என்ற பெயரைக் கேட்டு, கோபக்காரனுக்கு வருகிற நோய் என்று நினைத்துவிடாதீர்கள். சாதுவான மனிதனுக்கும் வரும். வலிக்காது, காய்ச்சல் அடிக்காது, இருமாது. பட்டையைக் கையில் கட்டி அளந்தால்தான் தெரியும். மேல் அளவு 140, கீழ் அளவு 90. இரண்டில் ஒன்றேனும் இந்த எல்லையைத் தொட்டால், வேறு நாளிலும் அளந்து பார்த்து வைத்தியம் தொடங்கவேண்டும்.

அளப்பதற்கும் முறை இருக்கிறது. மூட்டை இறக்கிய கையோடு ஓடிவந்து அளக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரவேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடியும் கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். பேசக் கூடாது.

ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். 1945 ஏப்ரல் 12-ந் தேதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து மாண்டார். அன்று அவருடைய மேல் அளவு 300! முந்திய ஆண்டிலேயே அழுத்தம் ஏறியிருப்பது டாக்டர்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உலகத்தின் பெரும் பணக்கார நாட்டுத் தலைவனுக்குக் கொடுக்க, அழுத்தத்தை அடக்கும் நல்ல மருந்து அன்று கிடையாது. ஓய்வெடு, உப்பைக் குறை என்றார்கள், அவ்வளவுதான்.

வழி திறந்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்ற நம் மூலிகையின் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் எழுதி உலகத்துக்கு எடுத்துக்காட்டினார். அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிறகு 1967-ல் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களிடம் நடத்திய சோதனை வெளிவந்தது. அழுத்தம் மிக ஏறியிருந்த 143 பேர். 73 பேருக்கு மருந்து. 70 பேருக்கு வெற்று மாத்திரை. மருந்தில் ரெசர்பினும் ஒன்று. வெற்று மாத்திரை தின்றவர்களில் 27 பேருக்குக் கடுமையான விபத்துகள் நேர்ந்தன. மருந்து தின்றவர்களில் இரண்டே பேருக்கு!

யோசித்துப் பாருங்கள், தோழர்களே! 1945-ல் ஜனாதிபதிக்குக் கிடைக்காத மருந்து, இன்று நடவுக்குப் போகும் தாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் நாம் விழுகிறோமே, ஏன்?

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வு விடை சொல்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அப்படிப்பட்ட நூறு பேரில் அது கட்டுக்குள் இருந்தது ஏழு பேருக்கு மட்டுமே! 2023-24-ல் மறுபடி எடுத்தபோது அந்த ஏழு பதினேழாயிற்று. வீடு தேடி மருந்து போனதன் பலன் தெரிகிறது, மகிழ்ச்சி. ஆனால் மிச்சம் எண்பத்து மூன்று பேர்? அவர்கள்தான் நாளைக்கு டம்ளரை நழுவவிடப் போகிறவர்கள்.

ஆகவே, முப்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும், ஆணானாலும் பெண்ணானாலும், வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவேண்டும். நம் வீட்டுப் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள். ஆஸ்பத்திரிக்கும் கடைசியாகப் போகிறவர்கள். இந்த விஷயத்தில் அவர்களை முன்னே அனுப்புங்கள்!

இரண்டாவது வாசல்: மாத்திரை

அளந்தாயிற்று, மாத்திரையும் கொடுத்தாயிற்று. நம் தோழர் தவறியது இங்கேதான். தலைவலி நின்றால் நோய் நின்றது என்று பொருளல்ல. மாத்திரை என்பது கரைக்குப் போடும் முட்டு. முட்டை எடுத்தால் கரை சரியும். அளவு சரியாக இருக்கிறது என்றால், மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். நிறுத்துவதும் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரிடம் கேட்டுச் செய்யவேண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கித் தின்பதும் கூடாது. மேல் அளவில் பத்துப் புள்ளி குறைத்தால், வாதம் வரும் ஆபத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது. தினம் ஒரு சின்ன மாத்திரைக்கு இவ்வளவு சக்தி!

மாத்திரையோடு நாமே செய்யவேண்டியவையும் உண்டு. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் ரத்தக் குழாயைக் கெடுப்பவை, விட்டொழிக்கவேண்டும். சாராயக் கடைக்குப் போகும் கூலி, வாதத்துக்குப் போடும் அச்சாரம். சர்க்கரை நோய் இருந்தால் அதற்கும் மருந்து தவறக் கூடாது. நாடி தாறுமாறாகத் துடித்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். இதயத்தில் உறைந்த ரத்தக் கட்டி மூளைக்குப் போய் அடைப்பதும் உண்டு.

உப்பு? “வேர்வை சிந்துகிறவனுக்கு உப்பு வேண்டாமா?” என்று கேட்பீர்கள். உப்பே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டி அளவுக்குள், இருக்கட்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. பழைய சோற்றுக்கு ஊறுகாய், குழம்புக்குக் கருவாடு, கூட அப்பளம் என்று போனால் அளவு எங்கேயோ போய்விடும். காய்கறி வாங்கக் காசில்லாதவன் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறான் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறோம்: கூலி உயர்வுக்கான கோரிக்கையும் வைத்தியக் கோரிக்கைதான்!

மருந்து நம்மைத் தேடி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. சென்னை சிறுநீரக மருத்துவர் எம். கே. மணி தொடங்கிய அறக்கட்டளை 1990-களிலிருந்து சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு வேலை செய்தது. உள்ளூரில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பி, ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் செய்தார்கள். ரெசர்பின் போன்ற மலிவான மருந்துகளையே கொடுத்தார்கள். சிறுநீரகத்தைக் காப்பது அவர்கள் நோக்கம். ஆனால் அடங்கியது ரத்த அழுத்தம். அது அடங்கினால் மூளையும் தப்பும். மாட மாளிகை ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும், ஒரு பட்டையும், விடாத மருந்தும் போதுமாக இருந்தன.

இது புதுத் தத்துவமல்ல. 1978-ல் சோவியத் கஜகஸ்தானின் அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரம் ஜனங்கள் வசிக்கும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அருகே வரவேண்டும் என்று பிரகடனம் செய்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று அது ஆலை வாசலுக்கும் நீட்டப்பட்டது. காகிதத்தில் இருப்பது நம் ஆலைக்கும் நம் தெருவுக்கும் வந்ததா என்று கேட்பது நம் கடமை. வீடு வீடாக வருகிற அந்தப் பெண் ஊழியருக்குச் சம்பளம் என்று இல்லாமல் ஊக்கத்தொகை என்று கொடுத்து, ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்திருப்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவரும் உழைப்பாளிதான். அவர் வாழ்க்கை நிலைத்தால்தான் நம் மாத்திரை நிலைக்கும்.

மூன்றாவது வாசல்: நேரம்

எவ்வளவு காத்தாலும் சிலருக்கு வரத்தான் செய்யும். வந்துவிட்டால்? அப்போது கடிகாரம்தான் வைத்தியன்.

நாலு வார்த்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முகம், கை, பேச்சு, நேரம்! சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே சரிகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். திடீரென்று ஒரு கண் பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும், இதுவரை கண்டிராத தலைவலி வருவதும்கூட அடையாளங்களே.

ஏன் இந்த அவசரம்? அடைபட்ட இடத்தில் ஒவ்வொரு நிமிஷமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்க மருந்து இருக்கிறது; அல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்று பெயர். அதை நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று பார்த்தாகவேண்டும். வெடித்திருக்கும்போது கரைக்கிற மருந்தைக் கொடுத்தால் ரத்தம் இன்னும் பெருகும். ஆகவே ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகவேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பது, நாலரை மணியைச் சாக்கடையில் ஊற்றுவது!

இங்கிருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு, சாலை தடையில்லாமல் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம் தோழருக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வந்தது. ஏழு மணிக்கு அங்கே இருந்திருந்தால், அந்த மருந்துக்கு அவர் தகுந்தவரா என்று பார்க்க மூன்று மணி நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

வண்டி வரும்வரை என்ன செய்வது? ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்: தண்ணீர் வேண்டாம், காப்பி வேண்டாம், கஷாயம் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருக்கும். அது மூச்சுக்குழாயில் இறங்கும். ஆஸ்பிரின் மாத்திரையும் ஸ்கேனுக்கு முன் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை அதிகமாகக் கொடுத்துச் சட்டென்று இறக்கப் பார்க்காதீர்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் போதும் என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது, அது பொய். அவர் தின்னும் மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். தூங்கி எழும்போதே விழுந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தாலோ? அங்கே நர்ஸம்மா செய்யக்கூடியது மூன்று. ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது. ஏனென்றால் சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் வாதம் போலவே தெரியும். 108-ஐ அழைப்பது. பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிச் சொல்வது. அதற்குமேல் ஒரு நிமிஷமும் நிறுத்தி வைக்கக் கூடாது.

நேரம் தாண்டிவிட்டால் போகவே வேண்டாமா? அப்படியல்ல! பெரிய குழாய் அடைபட்ட சிலருக்கு, வசதியுள்ள இடங்களில் 24 மணி நேரம் வரை குழாய் வழியே கட்டியை இழுத்து எடுக்க முடிகிறது. அந்த வாய்ப்பில்லாதவர்களுக்கும், வாதத்துக்கென்று தனிப் பகுதி வைத்து, பழகிய டாக்டரும் நர்ஸும் பயிற்சியாளரும் கூடிக் கவனித்தால் சாவும் முடமும் குறைகின்றன.

இன்னொரு எச்சரிக்கை. கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிஷத்தில் தானே சரியாகிவிட்டால் “போயிற்று” என்று வேலைக்குப் போகாதீர்கள். அது பெரிய வாதம் அனுப்பிய முன்தூது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நாலாவது வாசல்: பயிற்சி

வாதம் வந்தவன் வாழ்வு முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. முடியவில்லை! மூளையில் மடிந்த பகுதி திரும்பாது. ஆனால் மிச்சமுள்ள பகுதி புது வழி கற்கும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும்.

லெனினுக்கு 1922 மே மாதம் முதல் வாதம் வந்தது. 1923 மார்ச்சில் பேச்சு போயிற்று, வலது பக்கம் விழுந்தது. கூட்டம் கூட்டமாக ஜனங்களிடம் பேசிய அந்த மனிதர், எழுத்துக்கூட்டிப் பழகும் குழந்தையானார். துணைவியார் குரூப்ஸ்காயா பக்கத்தில் உட்கார்ந்து நாள்தோறும் சொல் பயிற்சி கொடுத்தார். இடது கையால் எழுதப் பழகினார் லெனின். கைத்தடி ஊன்றி நடந்தார். அந்த அக்டோபரில் மாஸ்கோ வரை போய் வந்தார். 1924 ஜனவரி 21-ந் தேதி 53 வயதில் மறைந்தார். ரத்த அழுத்த மாத்திரையும் ஸ்கேனும் இல்லாத காலம் அது. அந்தக் காலத்திலேயே பயிற்சி அவ்வளவு மீட்டது என்றால், இன்று நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்!

வீட்டில் செய்யவேண்டியவை: தண்ணீர் விழுங்க முடிகிறதா என்று நர்ஸ் பார்த்துச் சொன்ன பிறகே வாய்வழிச் சோறு; அதுவும் நிமிர்த்தி உட்கார வைத்து. படுத்தே கிடந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டவேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவும். கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம். அவர் அழுதால், காரணமின்றிக் கோபப்பட்டால், “பைத்தியம் பிடித்துவிட்டது” என்று சொல்லாதீர்கள். மனச் சோர்வும் இந்த நோயின் பகுதி; அதற்கும் மருந்துண்டு.

ஆனால் இங்கே ஒரு உண்மையை உரக்கச் சொல்லவேண்டும். “குடும்பத்தாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், அவர்களே பயிற்சி கொடுத்துக்கொள்வார்கள்” என்று ஒரு எண்ணம் இருந்தது. நம் நாட்டில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்துப் பரீட்சித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். குடும்பத்தாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கும், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கும், ஆறு மாத முடிவில் சாவிலோ முடத்திலோ வித்தியாசம் இல்லை! குடும்பத்தின் அன்பு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அன்பைக் காரணம் காட்டி, பயிற்சி பெற்ற ஊழியரின் வேலையைக் கூலிக்காரப் பெண்ணின் தலையில் கட்ட முடியாது என்பதே பொருள். வீடு தேடி வரும் திட்டத்தில் ஒரு ஒன்றியத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் என்று கணக்கு வைத்தார்கள். மண்ணச்சநல்லூர் ஒன்றியத்தில் எத்தனை கிராமம், எத்தனை குக்கிராமம், எத்தனை காலனி! ஒரு மனிதர் எத்தனை வாசலில் ஏறுவார்?

ஆலைத் தொழிலாளருக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் இ.எஸ்.ஐ. பாதுகாப்பு உண்டு. நோய்க்கால உதவித்தொகை 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு எழுபது. ஒரு பக்கம் விழுந்த வாதம் நீடித்த நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் சந்தாதாரராக இருந்து நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால் நூற்றுக்கு எண்பது வீதம் இரண்டு வருஷம் வரை பெற வழி உண்டு. ஆனால் ரிஜிஸ்தரில் பெயர் இருந்தால்தானே! நம் தோழர் இருபது வருஷம் மூட்டை தூக்கினார். பதிவேட்டில் ஒரு நாள்கூட அவர் பெயர் ஏறவில்லை. மூட்டைக் கணக்கு இருந்தது. மனிதக் கணக்கு இல்லை. நாளைக் காலையில் ஒவ்வொருவரும் கேளுங்கள்: “என் பெயர் ஏறியிருக்கிறதா?”

நாம் செய்யவேண்டியது, நாம் கேட்கவேண்டியது

நம் பங்குக்கு: ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர், ஒவ்வொரு ஆலையிலும் இரண்டு பேர் ‘முகம், கை, பேச்சு, நேரம்’ பாடத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கட்டும். யார் யாருக்கு மாத்திரை தொடங்கியது, யார் நிறுத்தினார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்கட்டும். ஒருவர் போய் நாலு பேருக்கு மாத்திரை வாங்கிவர நிலையத்தில் சம்மதம் கேட்போம்.

நம் கோரிக்கைகள்:

ஒன்று: வேலை முடிந்து வருகிறவர்களுக்காக, வாரத்தில் சில நாளாவது மாலையில் ரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுக்கவேண்டும்.

இரண்டு: ஒரு மாத மருந்துக்காக அரை நாள் கூலி இழக்காதபடி, நிலையான நோயாளிகளுக்குக் கூடுதல் நாட்களுக்கு மருந்து தரவேண்டும், எந்த மாதமும் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சு வரக் கூடாது.

மூன்று: ஒன்றியத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் என்பது போதாது, கூட்டவேண்டும்.

நாலு: வீடு தேடி வரும் சுகாதாரப் பெண்களுக்கு நிலையான வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு ஆலைத் தொழிலாளியின் பெயரும் இ.எஸ்.ஐ. பதிவில் ஏறவேண்டும்.

தோழர்களே! முன்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் நாம் சொன்ன தோழர். ஒன்றரை வருஷப் பயிற்சிக்குப் பிறகு தம் காலால் நடந்து இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். வலது கை இன்னும் முழுதாக எழவில்லை. இடது கையால் சோறு தின்கிறார். மாதம் தவறாமல் தாமே போய் மாத்திரை வாங்குகிறார். போகிற வழியில் பழைய ஆலை வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்களிடம் ஒரே கேள்வி கேட்கிறாராம்: “பிரஷர் பார்த்தாயா?”

கிணற்றை வெட்டியவர்கள் பெயர் கல்வெட்டில் இல்லை. ஆனால் அவர்கள் வெட்டிய கிணறு ஆயிரத்து இருநூறு வருஷமாக நிற்கிறது. நாமும் ஊருக்குப் பொதுவான ஒன்றை வெட்டுவோம். அளவும் மாத்திரையும் நேரமும் பயிற்சியும் எந்த ஏழைக்கும் எட்டும்படி, நாலு வாசலையும் திறந்து வைப்போம்!

கூட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். அதோ, வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருக்கிறோம், நர்ஸம்மா வந்திருக்கிறார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பீடியை அணைத்துவிட்டு, கையை நீட்டுங்கள். தாய்மார்கள் முதலில்!